ஐந்து வருட ஓட்டம்: இரணைமடுக் குளக்கட்டில் 11 நட்சத்திரங்கள்

ஓடிய நாட்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். ஐந்து வருடத்தில் 11 நாட்களுக்கு மட்டும் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அந்த நாட்களில் ஓட்டம் தானாக நடந்தது. காலின் உளைவு தெரியவில்லை, எவ்வளவு தூரம் மிச்சம் என்ற கணக்கு வரவில்லை, ஓடுவது நான் என்ற நினைப்பே இல்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டின் முடிவில் திரும்பும்போதுதான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேனா என்று திகைத்திருக்கிறேன்.

விளையாட்டு உளவியலில் இதை ‘ஃப்ளோ’ என்கிறார்கள். மிஹாலி சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970களில் மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், நடனக்காரர்கள், சத்திரசிகிச்சை நிபுணர்கள் என்று பலரிடம் பேசி இந்த நிலையை விவரித்தார். தண்ணீர் தங்களைக் கொண்டு போனது போல் இருந்தது என்று பலர் சொன்னதால்தான் அந்தப் பெயர். வாய்க்காலில் குளித்து வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் வாய்க்காலில் இறங்கிப் பாருங்கள், கை கால் அடிக்காமலே அடுத்த பாலம் வந்துவிடும். நான் இதை லயிப்பு என்றுதான் சொல்வேன்.

முதல் வருடம் காதில் பாட்டோடு ஓடினேன். உற்சாகம் வந்தது, லயிப்பு வரவில்லை. பாட்டு மாறும் ஒவ்வொரு முறையும் மனமும் அதோடு மாறியது. பிறகு கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய மணிக்கூடு வந்தது. இதயத் துடிப்பு, வேகம், தூரம் எல்லாம் காட்டும், கிலோமீற்றருக்கு ஒரு தடவை கையில் அதிரும். லயிப்பு வருவதற்குத் தெளிவான இலக்கும், செய்வது சரியா பிழையா என்று உடனுக்குடன் தெரிவதும் வேண்டும் என்பது சிக்சென்ட்மிஹாயி சொன்னது. அப்படியானால் மணிக்கூடு உதவத்தானே வேண்டும்? ஒன்றரை வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். கொப்பியில் ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை.

என்னோடு ஓட வரும் பள்ளிக்கூடப் பெடியன் ஒருநாள் சொன்னான்: “அண்ணை, மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து ஓடினா எப்பிடி? கழட்டிப் பொக்கெற்றுக்க வையுங்கோ.” வைத்தேன். அதற்குப் பிறகுதான் கிறவலில் என் கால் விழும் சத்தம் காதில் விழுந்தது. களைத்தால் குதிக்கால் இழுபடும் சத்தம் வரும், சரியான வேகத்தில் சத்தம் ஒரே அளவாக இருக்கும். மூன்று அடிக்கு மூச்சை இழுத்து இரண்டு அடிக்கு விடுவேன். அந்தக் கணக்குக் குழம்பினால் வேகம் கூடிவிட்டது என்று தெரியும். உடனுக்குடன் தெரிய வேண்டியது இதுதான். மணிக்கூடு சொன்னதும் தகவல்தான், ஆனால் அதைப் படிக்க நான் ஓட்டத்துக்கு வெளியே வர வேண்டியிருந்தது. உடம்பு சொல்வதைக் கேட்க வெளியே வரத் தேவையில்லை.

அடுத்தது வேலையின் அளவு. கிலோமீற்றருக்கு 6 நிமிடம் எனக்குச் சுகமான வேகம். அதில் ஓடினால் மனம் வங்கிக் கடனுக்கும் வயல் கூலிக்கும் போய்விடும். பெடியனின் வேகத்தைப் பிடிக்கப் போனால் தொண்டை அடைக்கும், பயம் வரும். 5 நிமிடம் 20 செக்கனில், கஷ்டம்தான் ஆனால் முடியும் என்ற இடத்தில், லயிப்புக் கிடைத்தது. இந்த இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். உடம்பு பழகப் பழக அதே வேகம் சலித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கும். சின்ன வயதில், போர்க்காலத்தில், நாங்கள் ஓடியதெல்லாம் பங்கருக்குள் இறங்கத்தான். முப்பது வயது தாண்டியும் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தோள் இறுகி, தலை திரும்பும். சுற்றுமுற்றும் காவல் காக்கும் மனம் லயிக்காது. லயிக்கும்போது முன்மூளையின், அதாவது நெற்றிக்குப் பின்னால் இருந்து திட்டமிட்டுக் கண்காணிக்கும் பகுதியின், வேலை சற்று நேரம் தணிகிறது என்பது ஆர்ன் டீட்ரிக் என்ற ஆய்வாளரின் கருதுகோள். என்னுடைய முன்மூளை தணிய நாள் எடுத்தது. ஏ9 வீதியோரம் ஓடுவதை விட்டுக் கட்டுக்கு மாறினேன். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே வயல், பின்னால் தெரிந்த பெடியனின் காலடி. முதல் நட்சத்திரம் அங்கேதான் விழுந்தது.

குறைகளும் உண்டு. முதல் இருபது நிமிடத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை, ஆகவே குறுந்தூரம் ஓடுபவர்களுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். காலை ஏழுக்குப் பிறகு, வெயில் ஏறினால், முயன்றும் பயனில்லை. லயிப்பில் தாகமும் வலியும் மறந்துபோகும். ஒருமுறை கெண்டைக்கால் பிடித்ததை உணராமல் ஓடி மூன்று வாரம் நொண்டினேன். இப்போது தண்ணீர் குடிக்கும் இடத்தை முன்கூட்டியே குறித்துவிட்டுத்தான் புறப்படுகிறேன்.

போட்டியில் ஒரே ஒரு தடவைதான் கிட்ட வந்தது. பிரதேச விளையாட்டு விழா, புல் மைதானத்தில் 5000 மீற்றர், பன்னிரண்டரைச் சுற்று. ஏழாவது சுற்றில் சுண்ணாம்புக் கோட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் இல்லை. அப்போது ஓரத்திலிருந்து யாரோ, “மூண்டாவதா வாறியள்!” என்று கத்தினார்கள். அந்தச் சொல் உள்ளே போனதும் பரிசு மேடை நினைவுக்கு வந்தது, கால் பாரமானது. ஐந்தாவதாக முடித்தேன்.

இந்த மாதம் வாரத்தில் ஒருநாள் 800 மீற்றரை ஆறு தடவை ஓடுகிறோம். கட்டோரத்தில் நின்று என் இடத்தைச் சத்தம் போட்டுச் சொல்லும்படி பெடியனின் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். நான்காவது ஓட்டத்தில் அவன் கத்தியது நேற்று என் காதில் விழவில்லை.