குளிசை, ஸ்பிரே, பட்ச்: நெஞ்சு நோ மருந்தோடு கொழும்பில் சில வருடங்கள்

நெஞ்சு நோவுக்கு டொக்டர் கிளிசரில் ட்ரைநைட்ரேட் எழுதித் தந்திருந்தால், காசு கொஞ்சம் கூடினாலும் ஸ்பிரேயாகவே வாங்குங்கள். நாக்கின் கீழ் வைக்கும் குளிசை, ஸ்பிரே, தோலில் ஒட்டும் பட்ச் என்று மூன்றையும் சில வருடங்களாகப் பாவித்தவள் சொல்கிறேன். மூன்றிலும் இருப்பது ஒரே மருந்துதான். அது உடம்புக்குள் போகும் வழியில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

இந்த மருந்தை விழுங்கினால் இரத்தத்தில் சேருமுன்னே ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்கின் கீழ் கரைந்தால் நேரே இரத்தத்தில் ஏறி, ஓரிரு நிமிடத்தில் வேலை தொடங்கும். இரத்தக் குழாய்கள் தளர, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைய, அதன் சுமையும் இறங்கும். நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்குவது எனக்கே தெளிவாகத் தெரியும்.

முதலில் எனக்குக் கிடைத்தது குளிசை. விலை குறைவு, நல்ல மருந்து. ஆனால் எங்கள் காற்றும் வெக்கையும் அதற்குச் சரிவராது. மருந்து குளிசையிலிருந்து ஆவியாகிப் போகும், பிளாஸ்டிக்கிலும் பஞ்சிலும் ஊறிவிடும். அதனால்தான் அதைக் கண்ணாடிப் போத்தலில், இறுக்கமான மூடியோடு தருகிறார்கள். கிழமை நாட்கள் எழுதிய மாத்திரைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால், தேவைப்படும் நேரத்தில் வெறும் மாவுதான் மிஞ்சும். போத்தலைத் திறந்தால் சுமார் 8 கிழமைக்குப் பிறகு எறிந்துவிட்டுப் புதிது வாங்கவேண்டும் என்பது பழைய விதி. வெள்ளவத்தையில் கடற்காற்று, 100ஆம் இலக்க பஸ்ஸில் சனநெரிசல், கைப்பைக்குள் வெக்கை. இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் போத்தலை நான் முழுதாக நம்பியதே இல்லை. இன்னொன்று, நோ வரும்போது வாய் வறண்டுவிடும், கை நடுங்கும். அந்த நேரத்தில் சின்னக் குளிசை ஒன்றை எடுத்து, அது கரையும்வரை இருப்பது பெரிய பாடு.

ஸ்பிரேயில் இந்தக் கவலை இல்லை. ஒரு அழுத்தலுக்கு 400 மைக்ரோகிராம். மூடிய கலனுக்குள் இருப்பதால் லேபலில் போட்ட திகதிவரை பலம் குறையாது. புதிதாக வாங்கினாலோ, பல நாள் பாவிக்காமல் வைத்திருந்தாலோ, முதலில் வெளியே அடித்துச் சரிபாருங்கள். வாய்க்குக் கிட்டப் பிடித்து, நாக்கின் கீழ் அடித்து, வாயை மூடுங்கள். மூச்சோடு உள்ளே இழுக்கக்கூடாது. பல ஸ்பிரேக்களில் மதுசாரம் இருப்பதால் எளிதில் தீப்பற்றும். சாமி விளக்குக்கும் காஸ் அடுப்புக்கும் கிட்ட வைத்து அடிக்கவேண்டாம். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுப்போகவும் வேண்டாம்.

அடிக்கும்போது கட்டாயம் உட்கார்ந்திருங்கள். பிரஷர் சட்டென்று இறங்கும். சந்தையில் நோ வந்தால் கடைப்படியிலேயே இருந்துவிடுவேன், ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும். 2022இல் கரண்ட் வெட்டி லிப்ட் நின்ற நாட்களில், படியேறுவதற்குச் சில நிமிடம் முன்பு ஒருமுறை அடித்துக்கொள்ளச் சொன்னார் டொக்டர். அது இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்திருப்பேன்.

தலையிடி வரும், அதுவும் விண்விண் என்று. 1879இல் இந்த மருந்தை நெஞ்சு நோவுக்குப் பரிந்துரைத்து எழுதிய லண்டன் மருத்துவர் வில்லியம் மரல், அதற்கு முன் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தார். அவருக்கும் தலைதான் இடித்தது. குழாய்கள் விரிவதால் வருகிற இடி அது. எனக்குப் போகப்போகக் குறைந்துவிட்டது.

பட்ச் நோ வராமல் காப்பதற்குத்தான். வந்த நோவை அதனால் நிறுத்த முடியாது, அவ்வளவு மெதுவாக வேலை செய்யும். காலையில் குளித்து, தோல் நன்றாகக் காய்ந்தபின் மேற்கையில் ஒட்டுவேன், இரவில் கழற்றிவிடுவேன். நாள் முழுக்க விட்டால் உடம்பு பழகி மருந்து பலிக்காமல் போகும். அதனால் தினமும் 8 முதல் 12 மணித்தியாலம் மருந்தில்லாத இடைவெளி வேண்டும். சித்திரை வெக்கையில் மத்தியானத்துக்குள் ஓரம் கிளம்பிவிடுகிறது, கொழும்பில் இதுதான் அதன் பெரிய குறை. கழற்றிய பட்ச்சிலும் மருந்து மிஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் எறியுங்கள். சில பட்ச்சுகளில் உலோகப்படலம் இருக்கும், எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மருந்து உடம்புக்குள் போகும் வழி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. லண்டனில் தம்பிக்குக் கொலஸ்ட்ரோலுக்கு இன்கிளிசிரான் ஊசி போடுகிறார்கள். தொடக்கத்தில் ஒன்று, 3 மாதத்தில் ஒன்று, பிறகு 6 மாதத்துக்கு ஒன்று. இங்கே ஒவ்வொரு இரவும் கொலஸ்ட்ரோல் குளிசையை மறந்துவிடும் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! அவர்களுக்கும் அது எட்டும் விலையில் வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

எனக்கு டொக்டர் தந்த ஒழுங்கு இது: ஒன்று அடி, 5 நிமிடம் பொறு, குறையாவிட்டால் 1990க்கு அடித்து ஆம்புலன்சைக் கூப்பிடு. சுவசெரிய என்ற அந்த ஆம்புலன்ஸ் சேவை இலவசம். ஓட்டோவில் ஏறிக் காலி வீதி நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு உங்கள் டொக்டர் சொன்ன கணக்கை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள், ஸ்பிரே இருக்கும் இடம் வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும்.

கடைசியாக, வெட்கப்படாமல் கதைக்கவேண்டிய ஒன்று. ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் மருந்துகளில், சில்டெனபில் எடுத்த ஆணுக்கு 24 மணித்தியாலத்துக்குள், டடலபில் எடுத்தவருக்கு 48 மணித்தியாலத்துக்குள், இந்த மருந்து எந்த வடிவிலும் கொடுக்கக்கூடாது. பிரஷர் உயிராபத்தான அளவுக்கு விழும். கணவர் ஒளித்து எடுக்கிறாரா என்று மனைவிக்குத் தெரியாமலிருக்கலாம், அதனால் ஸ்பிரேயைக் கையில் எடுக்குமுன் நேரடியாகக் கேளுங்கள். எடுத்திருந்தால் 1990இல் வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.