பிளாஸ்மிடை உள்ளே அனுப்ப எந்த வழி? நான் இணைவின் பக்கம்

மண்ணிலிருந்து பிரித்தெடுத்த சூடோமோனாஸ் என்ற ஒரு பாக்டீரியாவுக்குள் பெரிய பிளாஸ்மிட் (குரோமோசோமிலிருந்து தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) ஒன்றைச் செலுத்த வேண்டியிருந்தது. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் டிஎன்ஏ பரிமாறிக்கொள்ளும் மூன்று வழிகளும் ஆய்வுக்கூடத்தில் நமக்கும் கைகொடுக்கும்: வெளியே இருக்கும் டிஎன்ஏவைச் செல் நேரடியாக உள்வாங்கும் டிரான்ஸ்ஃபர்மேஷன், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபாஜ் டிஎன்ஏவைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்டக்‌ஷன், ஒரு செல் இன்னொன்றைத் தொட்டு டிஎன்ஏவைக் கொடுக்கும் இணைவு. நான் இணைவைத் தேர்ந்தெடுத்தேன்.

ஈ. கோலைக்குள் சின்ன பிளாஸ்மிட் என்றால் யோசிக்கவே வேண்டாம், டிரான்ஸ்ஃபர்மேஷன்தான். கால்சியம் குளோரைடில் தயார் செய்த செல்கள், 42 டிகிரி சூடு, முடிந்தது. மற்ற இனங்களுக்கு மின்துடிப்பு கொடுக்கலாம். உப்பு மிச்சமிருந்தால் பொறி பறந்து செல்கள் வீணாகும். பிளாஸ்மிட் பெரிதாகப் பெரிதாகப் பலனும் குறையும்.

டிரான்ஸ்டக்‌ஷன் என்றால், பி1 என்ற ஃபாஜ் சுமார் 100 கிலோபேஸ் (ஒரு லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்) வரை சுமக்கும். ஒரு ஈ. கோலை ரகத்திலிருந்து இன்னொன்றுக்குக் குரோமோசோம் மரபணுவை நகர்த்த அருமையான வழி. ஆனால் என் பாக்டீரியாவுக்குப் பொருந்தும் ஃபாஜ் கையில் இல்லை.

இணைவில் டிஎன்ஏவைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையே கிடையாது. கொடுக்கும் செல்லையும் பெறும் செல்லையும் கலந்து, ஆன்டிபயாட்டிக் இல்லாத அகாரில் ஒரு சொட்டு வைத்து இரவு முழுக்க விட்டால் போதும். டிஎன்ஏ ஒற்றை இழையாக நுழைவதால், அந்நிய டிஎன்ஏவின் இரட்டை இழையை வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்களிடமிருந்து ஓரளவு தப்பிக்கவும் செய்கிறது.

சரி, தொல்லை எங்கே? மறுநாள் காலையில். கொடுத்த செல்லிடமும் அதே பிளாஸ்மிட், அதே ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புத்திறன். அந்தக் கொடுத்த செல்லை எப்படி ஒழிப்பது? பெறும் செல்லில் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் பிறழ்வை முதலில் தேர்ந்தெடுத்து, பிறகு ரிஃபாம்பிசினில் வடிகட்டுவது பழைய முறை. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பிறழ்வு உட்காருவது மரபணுக்களைப் படித்து ஆர்என்ஏ உருவாக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸில். எந்தெந்த மரபணுக்களின் வெளிப்பாடு மாறியிருக்கும் என்ற சந்தேகம் கடைசிவரை கூடவே வரும். நாம் ஆராய வந்த பாக்டீரியாவையே மாற்றிவிட்டு அப்புறம் எதை ஆராய்வது?

அதனால் டிஏபி இல்லாமல் வாழ முடியாத ஈ. கோலையைக் கொடுக்கும் செல்லாக வைத்தேன். டிஏபி, அதாவது டைஅமினோபிமெலிக் அமிலம், அதன் செல்சுவருக்குத் தேவை. கலக்கும்போது அகாரில் சேர்க்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் உள்ள தேர்வுத் தட்டில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். கொடுத்தது வளராது, பெற்ற செல் எந்த மாற்றமும் இல்லாமல் பிளாஸ்மிடோடு வளரும். இணைவின் பக்கம் நான் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கிராம் பாசிட்டிவ் (தடித்த செல்சுவர் கொண்ட) இனங்களில் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே இதே உறுதியோடு பேச மாட்டேன். இன்னொன்று: எஸ்17-1, எஸ்எம்10 போன்ற பழைய கொடுக்கும் ரகங்களின் குரோமோசோமில் மியூ ஃபாஜ் இருக்கிறது, அது பிளாஸ்மிடோடு சேர்ந்து பெறும் செல்லுக்குள் போய், கண்ட இடத்தில் செருகிக்கொள்ளக்கூடும். மியூ நீக்கிய, டிஏபி தேவைப்படும் எம்எஃப்டிபிர் மாதிரி ரகம் கிடைத்தால் அதையே வாங்கி வையுங்கள்.