கணக்கு எழுதும் ஆபீஸுக்குப் பார்ட்டி பிடிக்க எது உதவும்: ஜிஎஸ்டி தளமா, கம்பெனிப் பதிவேடா, பிஎஃப் தளமா?

திருப்பூரில் பனியன் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதி ரிட்டர்ன் போட்டுத் தரும் சின்ன ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். எந்த வாசலில் ஏறுவது?

விலைக்குக் கிடைக்கும் போன் நம்பர் பட்டியல் வேண்டாம். மூடிப்போன யூனிட்டும் அதில் இருக்கும், அதே பட்டியல் பக்கத்துத் தெரு ஆபீஸிலும் இருக்கும்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் மூலதனம், அடமானக் கடன், கடைசி பேலன்ஸ் ஷீட் தேதி எல்லாம் உண்டு. ஆனால் பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பொறுப்பு வரம்புள்ள பார்ட்னர்ஷிப்) போன்றவை மட்டுமே. பிறருக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட் பெரும்பாலும் தனி ஆள் பெயரிலோ பார்ட்னர்ஷிப்பிலோ நடப்பதால் தேடினாலும் வராது.

ஜிஎஸ்டி தளத்துக்கே முதலிடம். லாகின் வேண்டாம், யூனிட்டின் ஜிஎஸ்டி நம்பர் போதும். ஜிஎஸ்டி விதி 18-இன்படி அது வாசல் பெயர்ப்பலகையிலேயே இருக்க வேண்டும். ஆகவே தெருவில் ஒரு நடை போய்வந்தால் பட்டியல் தயார். 15 இலக்கத்தில் முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாடு. ஆறாவது எழுத்து 'பி' என்றால் தனி ஆள், 'எஃப்' பார்ட்னர்ஷிப், 'சி' கம்பெனி. பிறகு ஃபைலிங் டேபிளில் 3பி (வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் மாத ரிட்டர்ன்) போட்ட தேதிகளைப் பாருங்கள். கெடு அடுத்த மாதம் 20-ஆம் தேதி. மாதாமாதம் ஐந்தாறு நாள் பிந்துகிறவர்தான் நல்ல பார்ட்டி: நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ கட்டிக்கொண்டிருக்கிறார். நாலு மாதமாகப் போடாதவரை விட்டுவிடுங்கள். வரியைக் கட்டாமல் 3பி போட முடியாது. கையில் காசில்லாதவர் உங்கள் ஃபீஸை மட்டும் எப்படித் தருவார்?

பலர் சறுக்குவது காலாண்டு முறையில். 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர் மூன்று மாதத்துக்கு ஒரு 3பி போடலாம், தமிழ்நாட்டில் கெடு காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22-ஆம் தேதி. இடையிலுள்ள இரண்டு மாதமும் காலியாகத்தான் தெரியும். அதைத் தாமதம் என்று நினைத்துப் போய்ப் பேசினால் மானம் போகும். தாமதம் உண்மையே ஆனாலும் எடுத்த எடுப்பில் அதைச் சொல்லாதீர்கள், டிபார்ட்மென்ட் ஆள் என்று பயந்துவிடுவார்கள்.

சம்பளக் கணக்கும் பிடிக்க நினைத்தால் பிஎஃப் தளம். நிறுவனத் தேடலில் மாதவாரியாக எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்று தெரியும். 20 பேருக்குக் கீழே உள்ள யூனிட் பெரும்பாலும் இருக்காது. கான்ட்ராக்ட் ஆட்களும் பல நேரம் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். தளத்தில் 24 பேர் என்றிருக்க, கேட்டில் 'பவர் டேபிள் டைலர் 30 பேர் தேவை' என்று போர்டு தொங்கினால், யூனிட்டின் அளவை எடைபோடப் போர்டையே நம்புங்கள்.