திச்சினோ மெர்லோ: மலைக்கு வடக்கா, தெற்கா, வெள்ளையா?

திச்சினோவில் உணவகம் ஒன்றில் உட்கார்ந்து "மெர்லோ கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மெர்லோ என்று சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் தெற்கில் இத்தாலிய மொழி பேசும் இந்த மாநிலத்தின் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மெர்லோ என்ற சிவப்பு ஒயின் திராட்சைதான். ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பழைய கொடிகளை அழித்த பிறகு, 1906இல் பிரான்சின் பொர்தோவிலிருந்து இந்த வகையைக் கொண்டுவந்து நட்டார்கள். மழையும் ஆலங்கட்டியும் மிகுந்த ஊரில் சீக்கிரம் பழுக்கும் திராட்சை தேவைப்பட்டது. மெர்லோ சீக்கிரம் பழுக்கும்.

மோந்தே சேனெரி என்ற மலை மாநிலத்தை இரண்டாக்குகிறது. வடக்கே பெல்லின்சோனாவும் லோகார்னோவும் இருக்கும் சோப்ராசேனெரி. அங்கே மண் கருங்கல் பொடிந்த மணல், தண்ணீர் நிற்காது. தெற்கே லுகானோவும் மெந்திரிசியோவும் இருக்கும் சோத்தோசேனெரி. அங்கே சுண்ணாம்பும் களியும் கலந்த கனமான மண். வடக்கின் ஒயின் பொதுவாக இலகுவானது, செர்ரி, ராஸ்பெர்ரி போன்ற சிவப்புப் பழ வாசனை முன்னே நிற்கும், புளிப்பு சுறுசுறுப்பாக இருக்கும். தெற்கின் ஒயினில் கறுத்த பிளம் பழத்தின் சாயல், உடல் கனம், துவர்ப்பும் கூடுதல்.

விலைப்பட்டியலில் மேலே இருப்பவை ஓக் பீப்பாயில் ஓராண்டுக்கும் மேலாக ஊறியவை. 1980களில் ஜெர்மன் மொழிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சில தயாரிப்பாளர்கள் பொர்தோ பாணியை இங்கே வலுவாக நிலைநாட்டினார்கள். வனிலா, வறுத்த காப்பிக்கொட்டை, புகை எல்லாம் அந்தப் புட்டிகளில் கிடைக்கும். சில ஆண்டுகள் பொறுத்துத் திறந்தால் அருமையாக இருக்கும். இளமையில் திறந்தால் மரம்தான் பேசுகிறது, திராட்சை பேசுவதில்லை.

நான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவது பீப்பாய் படாத, வடக்குப் பக்கத்து எளிய மெர்லோவைத்தான். அதற்குக் காரணம் குரோத்தோ. மலையடிவாரப் பாறைக் குகைகளில் ஒயினையும் பாலாடைக்கட்டியையும் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளத் தோன்றிய இடங்கள் இவை. இன்று மர நிழலில் கருங்கல் மேசை போட்ட உணவகங்கள். செம்புக் கொப்பரையில் சோள மாவை விறகுத் தீயில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் கிளறுகிறார்கள். அடியில் பொன்னிறமாகப் பொருக்கு பிடிக்கும்போது பொலெந்தா தயார். அதன்மேல் மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினிலேயே மணிக்கணக்கில் வேகவைத்த பிரஸாத்தோ விழுகிறது. சின்ன மண்குவளையான பொக்காலினோவில் மெர்லோ வருகிறது. குழம்பின் கொழுப்பை அதன் புளிப்பு அறுத்துவிடும், நாக்கு அடுத்த வாய்க்குத் தயாராகும். இதே தட்டுக்கு ஓக் மணக்கும் விலையுயர்ந்த புட்டியைத் திறந்து பார்த்தேன். கறியும் ஒயினும் ஒன்றையொன்று மறைத்தன.

ரிசோத்தோ என்ற அரிசி உணவுக்கும் லுகானிகா என்ற பன்றித் தொத்திறைச்சிக்கும் இந்த இலகுவான வகையே பொருந்தும். 14 முதல் 16 டிகிரிக்குள் பரிமாறுங்கள். அறை வெப்பம் என்று நம்பிக் கோடையில் மேசைமேல் விட்டுவைத்தால் சாராயக் காரம் மட்டுமே மேலே வரும்.

தெற்கின் கனமான மெர்லோவை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. மான் போன்ற வேட்டை இறைச்சி இலையுதிர் காலத்தில் வரும்போது அதை விட்டால் வேறு துணை கிடையாது.

மூன்றாவது, வெள்ளை மெர்லோ. கறுத்த தோல் இருந்தாலும் உள்ளே சாறு நிறமற்றது. பழத்தை உடனே பிழிந்து தோலிலிருந்து பிரித்துவிட்டால் வெள்ளை ஒயின் கிடைக்கிறது. துவர்ப்பு அநேகமாக இல்லை. ஏரி மீனுக்கு நன்றாக இருக்கும். சூரிச்சிலும் பெர்னிலும் யாழ்ப்பாணத்துக் கறி சமைக்கும் நம் வீடுகளுக்கு நான் சொல்வதும் இதைத்தான். துவர்ப்பும் சாராயமும் மிளகாயின் எரிவைக் கூட்டும், அதனால் நண்டுக் கறிக்குப் பக்கத்தில் பீப்பாய் மெர்லோவை வைக்கவே வைக்காதீர்கள். குளிரவைத்த வெள்ளையோ, வடக்கின் இளம் சிவப்போ போதும்.

வடக்கில் இன்னும் சில தோட்டங்களில் கருங்கல் தூண்கள் நட்டுப் பந்தலில் கொடி ஏற்றியிருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இராது.

ஒரே ஒரு புட்டிக்குத்தான் பணம் என்றால் வடக்கை எடுங்கள். இரண்டுக்கு வசதி இருந்தால், தெற்கின் பீப்பாய் மெர்லோவைச் சாப்பாட்டோடு திறக்காமல் கடைசிவரை வைத்திருந்து, மலைமேய்ச்சல் நிலத்தில் செய்து நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டியோடு ஊற்றுங்கள். அந்த உப்பும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்க, மரத்துக்குப் பின்னால் இருந்த பழம் அப்போதுதான் வெளியே வரும்.