சுருள்பாசியா, குளோரெல்லாவா? பருத்த உடலில் ரத்தம் ஊற எது கைகொடுக்கும்

ரத்தம் ஊறும் என்று சொல்லி விற்கும் பாசிகளில் முன்வரிசையில் நிற்பவை இரண்டு: சுருள்பாசி எனும் ஸ்பைருலினா, குளோரெல்லா. புரதம் இரண்டிலும் தாராளம். விலையில் சுருள்பாசி மலிவு, ஆரோவில்லில்கூட வளர்க்கிறார்கள். ஆனாலும் உடல் பருமன் உள்ளவருக்கு என் கை நீள்வது குளோரெல்லா பக்கம்தான். காரணம் இரும்பு அல்ல, வைட்டமின் பி12.

இரும்புக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 100 கிராம் காய்ந்த சுருள்பாசியில் சுமார் 28 மி.கி. இரும்பு. அப்படியானால் 3 கிராமில் ஒரு மி.கி.கூடத் தேறாது, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆர் 2020இல் பரிந்துரைத்ததோ பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. போதாததற்கு, பருத்த உடலில் கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6ஐச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் கல்லீரல் ஹெப்சிடின் எனும் ஹார்மோனைக் கூட்டும். குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் ஃபெரோபோர்ட்டின் வாசலை ஹெப்சிடின் அடைத்துவிடும். உடலின் இரும்புச் சேமிப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் நன்றாக இருப்பதுபோல் காட்டும். டிரான்ஸ்ஃபெரின் செறிவோ (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) 20 சதவீதத்துக்குக் கீழே கிடக்கும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி சோதனையையும் சேர்த்துப் பார்க்காமல் ஃபெரிட்டினை நம்பக் கூடாது.

இனி பி12. பருமனோடு சர்க்கரையும் சேர்ந்தால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் மாத்திரைதான்; அதை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 உறிஞ்சல் குறையும். சைவம் என்றால் வரவே குறைவு. பி12 இல்லாத எலும்பு மஜ்ஜையில் டிஎன்ஏ உருவாவது தடுமாறி, செல்கள் பிரியாமல் பருக்கும்; ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்சிவி 100ஐத் தாண்டும். கூடவே இரும்பும் குறைந்திருந்தால் (அது செல்லைச் சிறிதாக்கும்) எம்சிவி நடுவில் நின்று இரண்டு குறையையும் மறைத்துவிடும். சுருள்பாசி டப்பாவில் அச்சிட்ட பி12இல் பெரும்பகுதி போலி. மனித உடலில் வேலை செய்யாது. நுண்ணுயிரை வைத்து அளக்கும் சோதனை அதையும் சேர்த்து எண்ணிவிடுவதால் வரும் வினை இது.

குளோரெல்லாவில் இருப்பது மெய்யான பி12. 2015இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், பி12 குறைந்த 17 சைவ உணவுக்காரர்கள் 60 நாள் தினமும் 9 கிராம் எடுத்தார்கள். குறையைக் காட்டும் மெத்தில்மலோனிக் அமிலம் இறங்கியது. அவர்கள் பருமனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. பி12 அளவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆகவே ஊசியோ மாத்திரையோ எழுதிக்கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பாசியை நம்ப வேண்டாம்.

வாங்கும்போது 'செல்சுவர் உடைத்தது' என்று இருக்கிறதா பாருங்கள்; தடித்த சுவர் உடையாவிட்டால் சத்தில் பெரும்பங்கு செரிக்காமலே போய்விடும். ஒரு கிராமில் தொடங்கி வாரம் ஒரு கிராமாகக் கூட்டினால் வாயுத் தொல்லை குறையும். வைட்டமின் கே மிகுதி என்பதால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சுருள்பாசிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதன் நீலநிறமி ஃபைக்கோசயனின் அழற்சியைத் தணிப்பது விலங்குகளில் தெரிகிறது. மனிதரிலும் அப்படியானால் ஹெப்சிடின் பூட்டு தளரக்கூடும். பி12 சரியாக இருந்து சிஆர்பி மட்டும் ஏறியிருப்பவர் அதை முயன்று பார்க்கலாம். கொதிக்கும் சாம்பாரில் போடாதீர்கள், சூட்டில் அந்த நிறமி சிதைந்துவிடும். மோரில் கலக்கினால் போதும்.