சுவரை எடுத்தாச்சு, ஃபேனை என்ன செய்வது?

மயிலாடுதுறையில் இருக்கும் என் நாத்தனார் தன் வீட்டைப் புதுப்பிக்கப் போகிறாள். "அண்ணி, உங்க வீடு மாதிரியே சமையலறைச் சுவரை எடுத்துடலாமா?" என்று ஒரு வாரமாகப் போனில் குடைந்துகொண்டிருக்கிறாள். பெட்டிகளுக்கு மரைன் பிளையா, எச்டிஎச்எம்ஆர் என்ற ஈரம் தாங்கும் பலகையா, மேடைக்கு கிரானைட்டா, குவார்ட்ஸா என்பதையெல்லாம் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது சுவரைப் பற்றி. அப்புறம் ஒரு ஃபேனைப் பற்றி.

எங்களுடையது கும்பகோணத்தில் மாமனாரின் அப்பா கட்டிய வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அதன் பின்னால் சமையலறை, கடைசியில் கிணற்றடியும் கொல்லையும். வாசலில் நின்றால் கொல்லை மரம் தெரியும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே 14 அங்குலச் சுண்ணாம்புச் சுவர். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே அடுப்பு மேடை போட்டு, எதிரே கூடத்துப் பாதியில் சாப்பாட்டு மேஜையை வைத்தோம். ஸ்டோர் ரூம், பூஜை அலமாரி, மாமியாரின் கட்டில் வரை எல்லாமே மேடையை வைத்துத்தான் இடம் மாறின.

சுவரை எடுத்த வேலையில் குறை சொல்ல முடியாது. எங்களுடையது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. கட்டைகளின் ஒரு முனை அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. இன்டீரியர்காரர் "ரெண்டே நாள்ல இடிச்சிடலாம்" என்றார். நல்லவேளை, என் கணவர் தனியாக ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் முதலில் முட்டுக் கொடுத்து, ஜோடி இரும்பு உத்திரம் ஏற்றி, அதன் பிறகுதான் கடப்பாரையை எடுக்க விட்டார். இன்றுவரை மேலே ஒரு விரிசல் இல்லை. மீதிச் சுவர்களுக்கும் சிமெண்ட் பூசச் சொன்ன இன்டீரியர்காரரிடம், "சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு முட்டும், உள்ள இருக்கிற ஓதம் வெளிய வராது, உப்பு பூக்கும்" என்று வயதான கொத்தனார் மல்லுக்கு நின்று சுண்ணாம்பே பூசினார். சிங்க்குக்கு அடியில் தண்ணீர் தாங்கும் என்று 710 முத்திரை போட்ட பிளை, பெட்டிகளுக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி. ஐப்பசி மழை வந்து போன பிறகும் பின்பலகை காய்ந்தே இருக்கிறது.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். முன்பு பகல் பதினொரு மணிக்கும் லைட் போட்டுத்தான் அரிசியில் கல் பொறுக்குவோம். இப்போது முற்றத்து வெளிச்சம் நேரே மேடையில் விழுகிறது.

நான் எதிர்பார்க்காத லாபம் மாமனார். சமையலறை வாசற்படியைத் தாண்டியே அறியாத மனிதர். மேஜை அடுப்புக்கு எதிரே வந்துவிட்டதால் காலையில் பேப்பரோடு அங்கேதான் உட்காருகிறார். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்தால் தலைப்புச் செய்திக்கும் ராசிபலனுக்கும் நடுவே உருவி முடித்துவிடுகிறார். "காம்பெல்லாம் அப்படியே இருக்கு" என்று மாமியார் பாதியைத் திருப்பிக் கொடுப்பார். அவர் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொள்வார். இதற்காகவே சுவரை இடித்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

மற்ற நாட்களில் ஃபேன் நினைவுக்கு வரும்.

மேஜைக்கு மேலே சீலிங் ஃபேன். அடுப்பிலிருந்து இரண்டு எட்டு. ஃபேனைப் போட்டால் அடுப்புச் சுடர் சாய்கிறது. வற்றல் மிளகாய் தாளித்தால் நெடி சிம்னிக்குப் போகாமல் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஊஞ்சல் வரை போகிறது. நிறுத்தினால் சாப்பிடுகிறவர் தட்டில் வியர்வை சொட்டுகிறது. தோசை வார்க்கும் நாளில் ஒருவர் ஸ்விட்சைப் போட, இன்னொருவர் அணைக்க, சண்டை வேறு எங்கோ போய் முடியும்.

சிம்னி மட்டமானது இல்லை. மணிக்கு 1200 கன மீட்டர் இழுக்கும் என்று போட்டிருக்கிறது. ஆனால் அடுப்பு வெளிச்சுவர் ஓரமாக இல்லாமல் வீட்டின் நடுவில் இருக்கிறது. குழாய் உயரமான கூரை வரை ஏறி, இரண்டு இடத்தில் மடங்கி, கொல்லைச் சுவரைத் தொட வேண்டும். நீளமும் வளைவும் கூடக்கூட இழுவை குறையும். போதாக்குறைக்கு முற்றத்துக்கும் கொல்லைக்கும் நேர்க்கோட்டில் வாசல் வைத்துக் கட்டிய வீடு இது, காற்று குறுக்கே ஓடுவதற்கென்றே. அந்தக் காற்று புகையைச் சிம்னிக்கு எட்டவிடாமல் தள்ளிக்கொண்டு போகிறது. சிம்னியை இன்னும் நாலு அங்குலம் இறக்கினால் தேவலை. இறக்கினால் என் கணவரின் நெற்றி அதில் மோதும்.

போன வாரம் சர்வீஸ் ஆள் வந்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கழுவினார், மோட்டாரைத் துடைத்தார், ஒரு காகிதத்தைப் பிடித்துக் காட்டினார். காகிதம் பச்சக்கென்று ஒட்டியது. "சிம்னில ஒண்ணும் இல்ல மேடம். ஃபேனை நிறுத்திட்டு சமைங்க" என்றார். இதைச் சொல்ல விசிட்டிங் சார்ஜ்.

பழைய சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே கூரையில் ஒரு புகைக்கூண்டு இருந்தது. சூடான புகை தானாக ஏறி வெளியே போய்விடும். கரண்ட் வேண்டாம், கிண்ணம் கழுவ வேண்டாம். மழைத்தண்ணீர் இறங்கும் என்று இன்டீரியர்காரர் அதை அடைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டார். அவர் கொடுத்த வரைபடத்தில் விளக்குகள் எல்லாம் இருந்தன, ஃபேன் இல்லை. டம்ளர் டபராவைத் தவிர வேறெதுவும் புழங்காத வீட்டுக்குக் கப் சாசர் கூடை வைத்தவர்தான். சாசர் நிற்க வேண்டிய கம்பி இடுக்கில் இப்போது அப்பளக் கட்டு நிற்கிறது.

மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி என்று 1926இல் வந்த பிராங்க்ஃபர்ட் சமையலறையைச் சொல்வார்கள். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் வடிவமைத்தது. சுமார் 6.5 சதுர மீட்டர் இடம்தான். அதற்கும் வீட்டுக் கூடத்துக்கும் நடுவே அந்த அம்மாள் மறக்காமல் ஒரு தள்ளுகதவு வைத்தார். பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கதவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் நம்மவர்கள். ஜெர்மானியர்களே கதவு வைத்தார்கள் என்றால், கடுகும் மிளகாயும் பெருங்காயமும் தாளிக்கிற நமக்கு?

ஆக, நாத்தனாருக்கு என் பதில்: இடிக்காதே. வாசற்காலை அகலப்படுத்து. சுவரில் பெரிதாக ஒரு ஜன்னல் திறந்து, தள்ளும் கண்ணாடி வை. தோசையை அதன் வழியே நீட்டலாம். அடுப்பு வெளிச்சுவரோடு போகட்டும். புகைக்கூண்டு இருந்தால் யார் சொன்னாலும் அடைக்காதே. கீரை உருவ உன் மாமனாரை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்த்திக்கொள்.

"அப்ப நீங்க திரும்பச் சுவர் எழுப்புவீங்களா?" என்று கேட்டாள். மாட்டேன். அதெப்படி என்கிறாள். இதையே அவள் மார்கழியில் கேட்டிருந்தால் உடனே கடப்பாரையை எடு என்றிருப்பேன். அவள் கேட்டது கத்திரி வெயிலில், நான் ஃபேனை நிறுத்திவிட்டு வற்றக்குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது.