கோட்டையா, கோட்டேயா: அரச பணத்தின் சாவி யாரிடம்?

இலங்கையில் அரச பணத்துக்கு இரண்டு விலாசம். கொழும்பு கோட்டையில் திறைசேரி, அதாவது நிறைவேற்று அதிகாரம். பக்கத்து ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் பாராளுமன்றம்.

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கே கொடுக்கிறது. சரி, அப்புறம் 150ஐப் படியுங்கள்: அரச வருமானம் சேரும் திரட்டு நிதியத்திலிருந்து பணம் வெளியே வர நிதியமைச்சர் கையொப்பமிட்ட ஆணைப்பத்திரம் வேண்டும். பூட்டு கோட்டேயில், திறப்பு கோட்டையில்.

நிறைவேற்றுத் தரப்பின் பலம் வேகம். 2020 மார்ச் 2இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கொரோனாவால் தேர்தல் ஆகஸ்ட் 5 வரை தள்ளிப்போனது. முழு வரவு செலவுத் திட்டத்துக்குப் பதிலாகப் பாராளுமன்றம் அனுமதித்திருந்த இடைக்காலக் கணக்கறிக்கையோ ஏப்ரல் கடைசி வரைக்கும்தான். 150(3)இன் கீழ் ஜனாதிபதி பணத்தை விடுவித்ததால் சம்பளமும் மருந்தும் நிற்கவில்லை. கணக்குக் கேட்க ஆளில்லாமல் செலவு நடந்தது என்பது அதன் மறுபக்கம்.

ஆனால் எனக்கு உறுத்துவது எடுத்த பணமல்ல, எடுக்காமல் வைத்த பணம். 2023 வரவு செலவுத் திட்டத்தில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு 1000 கோடி ரூபாயைப் பாராளுமன்றம் ஒதுக்கியது. மார்ச் 9 வாக்களிப்பு என்று நாள் குறித்திருந்தார்கள். திறைசேரி பணம் விடவில்லை. காசு வராமல் அரசாங்க அச்சகத்தில் வாக்குச்சீட்டு வேலை தடைப்பட்டது. ஒதுக்கிய நிதியை மறிக்கக் கூடாதென்று மார்ச் 3இல் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அப்படியும் தேர்தல் நடக்கவில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்ற தீர்ப்பு 2024 ஆகஸ்டில் வந்தது. வாக்களிப்பு 2025 மே 6இல். அதுவரை வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் மாநகர சபை உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, ஆணையாளர்தான் எல்லாம்.

பாராளுமன்றத்தையும் ஒரேயடியாகப் புகழ முடியாது. செலவு வைக்கும் சட்டமூலத்தை அமைச்சரவை அனுமதியோடு ஓர் அமைச்சர்தான் கொண்டுவரலாம். மற்ற உறுப்பினர்கள் வெட்டலாம், மறுக்கலாம், அவ்வளவுதான்.

அவசரத்துக்குப் பணம் விடக் கோட்டை, ஒதுக்கிய பணத்தை மறிப்பதற்குக் கோட்டே என்பதே என் நிலைப்பாடு. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒதுக்கிய பணத்தை ரத்துச் செய்ய விரும்பும் ஜனாதிபதி காங்கிரசுக்கு எழுதிக் கேட்க வேண்டும். 45 நாளில் சம்மதம் வராவிட்டால் பணத்தை விட்டாக வேண்டும். இங்கே அப்படியொரு விதி இருந்திருந்தால், 2023இல் திறைசேரி முதலில் கோட்டேக்கு வந்து காரணம் சொல்லியிருக்கும்.